கடைசிப் பாகத்தின் வேகம்

மெதுவாம்மா. அந்த மோதிர விரலை மட்டும் அப்படி மடக்காதீங்க, உயிர் போகுது. மத்த விரலை என்ன வேணா பண்ணிக்கோங்க. உங்க பேரு என்னன்னு சொன்னீங்க? தமயந்தி. நல்ல பேரு. இப்பல்லாம் யாரு இந்தப் பேரு வைக்கிறா.

நான் ஒண்ணும் உங்களைக் கூப்பிடலை, அதை முதல்லயே சொல்லிடுறேன். என் தங்கச்சி கெத்சிகிட்ட செல்லோ கத்துக்க ஒரு பொண்ணு வருது. அதோட அம்மா உங்க ஆஸ்பத்திரியில டாக்டர். போன வாரம் பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்தவங்க என் கையைப் பாத்துட்டு, "என்ன ஆன்ட்டி இது, இப்படி வீங்கியிருக்கு"ன்னு பதறிப் போயிட்டாங்க. அவங்களாத்தான் பிசியோதெரபிக்குன்னு உங்களை அனுப்பியிருக்காங்க. கெத்சிக்கு இது தெரியாது. வெளியில கிளாஸ் எடுக்கப் போயிருக்கா. அவ வர்றதுக்குள்ள முடிச்சிடுவீங்கல்ல?

மூட்டு வாதம் இருக்குதும்மா, இல்லைன்னு சொல்லலை. எங்க அம்மாவுக்கும் இருந்தது. ஆனா நீங்க சொல்றதும் சரிதான். வாதம் மட்டும் வந்த கை இப்படி இருக்காது, ஓயாம வேலை வாங்கின கைதான் இப்படி ஆகும்ங்கறீங்க. ஆமா, வாசிக்கிறேன். பியானோ. காலையில வாசிக்கிறேன், சாயங்காலம் பிள்ளைங்க எல்லாம் போனதுக்கு அப்புறமும் வாசிக்கிறேன். எழுபது வயசுல என்னத்துக்குன்னு கேக்காதீங்க. எங்களுக்குக் கச்சேரி இருக்கு.

முழுசாச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். நீங்க பாட்டுக்குத் தேய்ங்க, நான் பாட்டுக்குச் சொல்றேன்.

எங்க அப்பா வேப்பேரியில ஒரு சர்ச்சுல கொயர் மாஸ்டரா, பாட்டுக் குழுவை நடத்துறவரா இருந்தாரு. பைபிள்ல யோபுன்னு ஒருத்தர், பாடெல்லாம் பட்டு முடிச்சப்புறம் அவருக்குப் பொறந்த பொண்ணுங்க பேரைத்தான் எங்களுக்கு வச்சாரு. நான் எமீமாள். அவ கெத்சியாள். எனக்கும் அவளுக்கும் ஒன்பது வயசு வித்தியாசம். அம்மா சீக்கிரமே போயிட்டாங்க. கெத்சிக்குத் தலை பின்னி விட்டது, சோறு ஊட்டினது, எல்லாம் நான்தான். அக்கான்னு கூப்பிடுவாளே தவிர, அம்மாவும் நான்தான்.

எனக்குப் பியானோ. மிஷன் ஸ்கூல்ல பாட்டு சொல்லிக்குடுத்த வெள்ளைக்காரம்மா ஒருத்தங்க ஊருக்குத் திரும்பறப்ப, அவங்களோட செல்லோவை அப்பாகிட்ட விட்டுட்டுப் போனாங்க. செல்லோ பாத்திருக்கீங்களா? பெரிய வயலின் மாதிரி இருக்கும். நாற்காலியில உக்காந்து, ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல நிறுத்தி வச்சு வில்லால வாசிக்கணும். அழுத்தமான ஆம்பளைக் குரல் மாதிரி சத்தம். அப்பா அதை முதல்ல எனக்குத்தான் குடுத்தாரு. கொஞ்ச நாள் வாசிச்சேன். ஒரு நாள் நான் கடைக்குப் போயிட்டு வர்றேன், உள்ள செல்லோ சத்தம். நான் வாரக்கணக்கா மல்லுக்கட்டிக்கிட்டிருந்த அதே பாட்டு. பத்து வயசுக் கெத்சி வாசிச்சுக்கிட்டிருக்கா. யாரும் சொல்லிக்குடுக்கலை. கதவுக்கு வெளியில நின்னு நான் பண்ணின தப்பையெல்லாம் கேட்டே கத்துக்கிட்டிருக்கா. அப்பா நேரா செல்லோவைத் தூக்கிட்டுப் போய் அவ கட்டில் பக்கத்துல வச்சுட்டாரு.

அதுக்கெல்லாம் நான் வருத்தப்படலை. எதுக்கு வருத்தப்படணும்? பியானோ இல்லாம செல்லோவுக்கு ஏது கச்சேரி. அதைத் தாங்குறதுக்கு ஒரு ஆள் வேணும்.

இருபது வயசுலயே அவளுக்குக் கோடம்பாக்கத்துல கூப்பிட்டாங்க. சினிமா ரெக்கார்டிங். செல்லோக்காரங்க வரிசையில அத்தனை பேரும் ஆம்பளைங்க, இவ ஒருத்தி பொண்ணு. நான் கூடவே போவேன். சுவத்தோரமா ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்துக்குவேன். காலையில போனா பொழுது சாயுற வரைக்கும். என்னைப் பாத்தாலே ஒருத்தனும் அவ பக்கத்துல வந்து சிரிச்சுப் பேச மாட்டான். போகப் போக, தனியா செல்லோ வர்ற இடமெல்லாம் அவளுக்குத்தான். கதாநாயகி தனியா ஜன்னல்கிட்ட நிக்கிற சீனா, அப்பா செத்துப்போற சீனா, கூப்பிடு கெத்சியாளைம்பாங்க. படத்துல பேரு போட மாட்டாங்க. ஆனா உங்க வயசுக்காரங்க எத்தனை பேரு தியேட்டர்ல அவ வில்லுக்கு அழுதிருப்பீங்க, தெரியாமலே.

அங்க வயலின் வாசிச்ச எட்வின் தங்கையான்னு ஒருத்தர். நல்ல மனுஷன்தான். முறைப்படி வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட பொண்ணு கேட்டாரு. அப்பாவுக்கு அப்பவே காது சரியாக் கேக்காது. நான்தான் அவரைக் கேட் வரைக்கும் கொண்டு போய் விட்டேன். சின்ன வயசுல அவளுக்கு வலிப்பு வந்திருக்குன்னு சொன்னேன். பொய் இல்லைம்மா. குழந்தையில ஜுரம் கண்டப்ப வந்தது. ஒரு பொண்ணைக் கட்டிக்கப் போறவருக்கு இதெல்லாம் தெரியணுமா இல்லையா? அவரு அப்புறம் வரலை. கெத்சி ஒரு தடவைதான் கேட்டா. "எட்வின்கிட்ட ஏதாவது சொன்னியாக்கா?" "உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்"னு சொன்னேன். உள்ள போனா. ஸ்கேல்ஸ், அதான் சரளி வரிசை மாதிரி, வாசிக்க ஆரம்பிச்சா. சோத்துக்குக் கூப்பிடுற வரைக்கும் வாசிச்சா. எவ்வளவு நல்ல பொண்ணு பாருங்க, ஒரு சண்டை கிடையாது.

அந்த வயசுலயிருந்தே நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் மேடையில. சர்ச் ஹால்ல, காலேஜ்ல, கிறிஸ்மஸுக்கு முன்னாடி வருஷா வருஷம். கெத்சியாள் செல்லோ, எமீமாள் பியானோ. பெங்களூர் போயிருக்கோம், கோட்டயம் போயிருக்கோம். அவ வில்லைத் தூக்குறதுக்கு முன்னாடி என்னைத் திரும்பிப் பாப்பா. நான் தலையை ஆட்டினாத்தான் ஆரம்பிப்பா. அந்தப் பார்வைக்காகவே நான் வாசிச்சேன்னு வச்சுக்கோங்களேன்.

சொல்லிக்குடுக்கறதுலயும் அவளை அடிச்சுக்க ஆள் இல்லை. இந்த முன் ரூம்லதான் கிளாஸ். எங்க அப்பா ஸ்கேலால முட்டியில அடிப்பாரு. இவ அடிக்க மாட்டா, திட்ட மாட்டா, குரலைக்கூட உசத்த மாட்டா. பிள்ளை தப்பா வாசிச்சா, "மறுபடியும்"னு ஒரு வார்த்தை. அதையும் ரொம்ப இதமா. அது மறுபடியும் தப்பும். "மறுபடியும்." கட்டை விரல் கொஞ்சம் விறைப்பா இருந்தா, அது சரியாகுற வரைக்கும் மாசக்கணக்கா வேற எதையும் தொட விட மாட்டா. பெரிய பெரிய வீட்டுப் பிள்ளைங்க இங்க உக்காந்து கண்ணைக் கசக்கிட்டு வாசிச்சிருக்கு. ஆனா பரீட்சையில எல்லாத்துக்கும் டிஸ்டிங்ஷன். கெத்சியாள் டீச்சர்கிட்ட கத்துக்கிட்டேன்னா வெளிநாட்டுலயே மதிக்கிறாங்களாம்.

ஆ. அந்த இடம்தான். அங்கதான் கெட்டியா இருக்கு. தேய்ங்க, தாங்கிக்கிறேன்.

அஞ்சாறு வருஷமாவே விரல் கொஞ்சம் மக்கர் பண்ண ஆரம்பிச்சது. காலையில எந்திரிச்சா மடங்காது. ஆனா வாசிப்புல ஒண்ணும் தெரியாது. நான் கொஞ்சம் நிதானமா வாசிப்பேன், அவளும் நிதானமா வாசிப்பா. ஜோடின்னா அப்படித்தானே. கச்சேரிக்கு வர்றவங்க, "இப்ப உங்க வாசிப்புல ஒரு முதிர்ச்சி வந்திருக்கு"ம்பாங்க. நான் கெத்சியைப் பாத்துச் சிரிப்பேன். அவ வில்லைத் துடைச்சுக்கிட்டிருப்பா.

போன வருஷம் ஒரு சங்கீத சபைக்காரங்க வந்தாங்க. கெத்சியாள் வாசிக்க வந்து நாப்பது வருஷம் ஆகுது, எழும்பூர்ல பெரிய ஹால்ல ஒரு கச்சேரி வைக்கிறோம்னாங்க. பம்பாயிலயிருந்து ஒருத்தர் வந்து ரெக்கார்ட் பண்ணி வெளியிடுவாராம். அவ பேரு போட்ட முதல் ரெக்கார்ட். அத்தனை சினிமாவுல வாசிச்சும் அது வரைக்கும் அவ பேர்ல ஒண்ணு கிடையாது பாருங்க. அன்னைக்கு அவ முகத்துல இருந்த வெளிச்சத்தை நான் அவ சின்ன வயசுல பாத்தது.

அவங்க போனப்புறம் நான் என் பாட்டு நோட்டெல்லாம் எடுத்துத் தூசி தட்டிக்கிட்டிருந்தேன். பின்னாடி வந்து நின்னா.

"அக்கா, இந்தக் கச்சேரிக்கு மட்டும் ஷெரின் வாசிக்கட்டும்."

ஷெரின்னா, பக்கத்துத் தெருவுல ஒரு பொண்ணு. பியானோ படிச்சுட்டு வந்திருக்கு. இருபத்தி மூணு வயசு இருக்கும்.

"எதுக்கு?"ன்னு கேட்டேன்.

"இந்தத் தடவை எடுத்திருக்கிற பாட்டுல கடைசிப் பாகம் வேகமா இருக்குக்கா. உன் கைக்கு வலிக்கும்."

"என் கை வலியைப் பத்தி நான் உன்கிட்ட சொன்னேனா?"

"சொல்லலை. எனக்குக் கேக்குதுக்கா. ரொம்ப நாளாக் கேக்குது."

அவ்வளவுதான் சொன்னா. கேக்குதாம். எத்தனை வருஷமாக் கேட்டுக்கிட்டு, எத்தனை மேடையில கேட்டுக்கிட்டு, என்கிட்ட சொல்லாமலே என் பக்கத்துல உக்காந்து வாசிச்சிருக்கா. அது எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. நான் சாப்பிடலை. அவ தட்டு போட்டு எடுத்துட்டு வந்து வச்சா, அப்படியே இருந்தது. அவளும் சாப்பிடலை. ஆனா ஷெரின் வர்றதை நிறுத்தலை. அந்தப் பொண்ணு தினமும் வந்து என் பியானோவுல, என் ஸ்டூல்ல உக்காந்து, ஸ்டூலைத் திருகி உசரத்தை மாத்தி வச்சு வாசிக்கும். அது போனப்புறம் நான் பழையபடி திருகி வைப்பேன். மறுநாள் அது மாத்தும். பேய் வேகத்துல வாசிக்குங்க ரெண்டும். வாசிச்சு முடிச்சுட்டுச் சிரிக்கும். கச்சேரின்னா சிரிக்கிற விஷயமாம்மா? நாங்க வாசிச்சு முடிச்சு ஒரு நாளும் சிரிச்சது கிடையாது.

கச்சேரியன்னைக்கு அவ மத்தியானமே கிளம்பிப் போயிட்டா. "நீ அஞ்சரைக்கு ஆட்டோ பிடிச்சு வா அக்கா, முன் வரிசையில சீட் போட்டிருக்கு"ன்னா. நான் அம்மாவோட வெள்ளைப் பட்டுச் சேலையைக் கட்டிக்கிட்டேன். ஊணிக்கிற கம்பை எடுத்துக்கிட்டேன். முன் வரிசையில உக்காந்தேன்தான். அரங்கம் நிறைஞ்சு இருந்தது. எங்க பழைய ஜனங்க அத்தனை பேரும். சினிமாக்காரங்க. அவகிட்ட படிச்ச பிள்ளைங்க, அதுங்க பிள்ளைங்க. ஒவ்வொருத்தரா வந்து, "என்ன எமீமாள் டீச்சர், இங்க உக்காந்திருக்கீங்க? மேடைக்குப் போகலையா?"ன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்றது? என்னைத் தள்ளிட்டாங்கன்னா?

எந்திரிச்சேன். ஓரத்துல படி இருந்தது, ஏறினேன். சபைச் செயலாளர் ஓடி வந்தாரு, "அம்மா, அம்மா"ன்னு. "எனக்கு மேடை புதுசில்லை, வழி விடுங்க"ன்னேன். மைக்ல பேசிக்கிட்டிருந்த பையனுக்கு ஒண்ணும் தெரியாது. நான் வெள்ளைச் சேலையில கம்பை ஊணிக்கிட்டு வர்றதைப் பாத்ததும், "இதோ, நாப்பது ஆண்டுகளாகத் தங்கையுடன் வாசித்து வரும் சகோதரி"ன்னு சொல்லிட்டான். ஹால் முழுக்க எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு. அந்தச் சத்தம் நிக்கவே இல்லை. நான் பியானோகிட்ட போனேன். ஷெரினோட நோட்டு விரிச்சு வச்சிருந்தது. எடுத்துக் கீழ தரையில வச்சேன். ஸ்டூலைத் திருகி என் உசரத்துக்கு வச்சேன். உக்காந்தேன்.

அந்தப் பொண்ணு புதுசா தச்ச நீல கவுனைப் போட்டுக்கிட்டுத் திரைக்குப் பின்னாடி நிக்குது. எனக்கு இங்கயிருந்து தெரியுது. பாவம்தான். ஆனா அதுக்கு இன்னும் எத்தனையோ மேடை இருக்கு.

கெத்சி செல்லோவைத் தூக்கிக்கிட்டு வந்தா. பாத்தா. அப்படியே நின்னா. ஜனங்க இன்னும் தட்டிக்கிட்டிருக்காங்க. அத்தனை பேர் முன்னாடி என்ன செய்வா? அக்காவை எந்திரின்னு சொல்லுவாளா? சிரிச்சா. வந்து உக்காந்தா. "சுருதி குடுக்கா"ன்னா. குடுத்தேன்.

அன்னைக்கு என் கை என் கையாவே இல்லைம்மா, அப்படி வந்தது. முதல் ரெண்டு பாகம் பிசிறில்லாமப் போச்சு, என் காதுக்கு. கடைசிப் பாகம் எப்படின்னா, பியானோ தனியாத்தான் ஆரம்பிக்கணும். நான் எந்த வேகத்துல எடுக்குறேனோ அதே வேகத்துல அவ வந்து சேரணும். அவளும் ஷெரினும் என்ன வேகத்துல பழகினாங்களோ, அது எனக்கு எதுக்கு? நான் நிதானமா எடுத்தேன். அவ வில் காத்துல நிக்குது. என்னைப் பாக்குறா. பழைய மாதிரியே, என்னையே பாக்குறா. நான் தலையை ஆட்டினேன். வந்து சேந்தா.

நடுவுல சுண்டு விரல் ரெண்டு மூணு இடத்துல விழலை. ஒரு இடத்துல நான் ஒரு வரியை விட்டுட்டேன், அவ தாவி வந்து பிடிச்சா. இன்னொரு இடத்துல நான் திரும்பப் போனேன், அவளும் திரும்ப வந்தா. நான் எங்க போனாலும் வந்தா. அந்த மாதிரி ஒரு சேர்த்தி நீங்க எங்கயும் கேட்டிருக்க மாட்டீங்க. ஜனங்க அசையலை. அவகிட்ட படிச்ச பெரிய பொண்ணுங்கல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க, ஜெபம் பண்ற மாதிரி. சில பேர் கண்ணைத் துடைச்சதை நானே பாத்தேன். பின் வரிசையில கொஞ்சம் பேர் நடுவுலயே எந்திரிச்சுப் போனாங்க, மழை வர்ற மாதிரி இருந்தது அன்னைக்கு. பம்பாய்க்காரர் காதுல மாட்டியிருந்ததைக் கழட்டி மேஜை மேல வச்சுட்டு ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கிட்டாரு. அவ்வளவு உருக்கம்.

ரெக்கார்ட் வரலை. மெஷின்ல ஏதோ கோளாறாம். இன்னொரு நாள் வர்றேன்னுட்டுப் போனாரு. இந்தக் காலத்து மெஷினை நம்ப முடியுதா?

உள்ள ரூம்ல ஷெரின் அழுதுக்கிட்டிருந்தது. கெத்சி அதோட முதுகைத் தடவிக் குடுத்தா. அப்புறம் என்கிட்ட வந்தா. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, கோவம் இல்லை. என் ரெண்டு கையையும் எடுத்து அவ கையில வச்சுக்கிட்டு, நீங்க இப்ப பிடிச்சிருக்கீங்களே இதே மாதிரி, ஒவ்வொரு விரலாத் தொட்டுப் பாத்தா.

"நல்லா வாசிச்சக்கா"ன்னா.

நான் ஜெயிச்சுட்டேன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஜெயிச்சேன்னா, அதாவது, அவளுக்கே புரிஞ்சுபோச்சுன்னு சொல்றேன். நான் இல்லாம முடியாதுன்னு.

மறுநாள் காலையில நான் காப்பி குடிச்சுக்கிட்டிருக்கேன். அவ பியானோ மூடியைத் திறந்து வச்சுட்டு, பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு உக்காந்திருக்கா. மடியில பென்சில்.

"வாக்கா. கடைசிப் பாகத்துல வேகம் பத்தலை. நாம திரும்ப ஒரு கச்சேரி வாசிக்கணும்ல. இனிமே நீயும் நானும் மட்டும்தான். ஷெரின்லாம் கிடையாது. ஆனா அந்த வேகம் வரணும்."

எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு.

அன்னைக்கு ஆரம்பிச்சது. ஒரு நாள் தப்பினது கிடையாது. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வந்தும் உண்டு. டிக் டிக்குனு தாளம் போடுற பெட்டி ஒண்ணு இருக்கு, மெட்ரோனோம், அதை வச்சு விடுவா. நான் வாசிக்கணும். தப்பினா, "மறுபடியும்." முதல்லயிருந்து. பாதியில நிறுத்தி, தப்பின இடத்துலயிருந்து எடுக்கக் கூடாது, முதல்லயிருந்து. குரலே உசத்த மாட்டா. சின்னப் பிள்ளைங்ககிட்ட எப்படிப் பேசுவாளோ அப்படி. நான் ஒரு வேகத்துல தட்டுத் தடுமாறி வாசிச்சுட்டேன்னு வைங்க, அவ சிரிச்சுட்டு, பெட்டியில முள்ளை ஒரு கோடு தள்ளி வைப்பா. இன்னும் கொஞ்சம் வேகம். திரும்ப முதல்லயிருந்து.

வலிக்கத்தான் செய்யும். வலிக்காமலா? ஒரு நாள் நகக்கண்ணு பிளந்து பியானோக் கட்டையில ரத்தம். அவ எந்திரிச்சுப் போய் ஈரத் துணி கொண்டு வந்து, ஒவ்வொரு கட்டையாத் துடைச்சா. வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை எல்லாம். என் விரல்ல பிளாஸ்டர் ஒட்டினா. உக்காந்தா. "மறுபடியும்"னா. எவ்வளவு பொறுமை பாருங்க. வீக்கம் இருந்தா, சுடுதண்ணியில உப்புப் போட்டுக் கொண்டாந்து என் கையை அதுல வச்சு எடுப்பா. "சூடு ஆறுறதுக்குள்ள வாசிச்சுடுக்கா, நல்லா வரும்"பா. இதெல்லாம் எந்தத் தங்கச்சி செய்வா?

ஒரு தடவைதான் முடியலைன்னு சொன்னேன். "இன்னைக்கு விட்டுடு கெத்சி, என்னால ஆகாது."

"சரிக்கா"ன்னு பென்சிலைக் கீழ வச்சுட்டா. "அப்ப ஷெரினை வரச் சொல்லட்டுமா?"

மிரட்டலைம்மா. கேட்டா, அவ்வளவுதான். நான் வாசிச்சேன்.

அந்த டாக்டரம்மா பொண்ணு ஒரு நாள் சீக்கிரம் வந்து வாசல்ல நின்னு பாத்துட்டு அழுதுடுச்சு. கெத்சி அதைக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டா. "பாரு, இந்த வயசுல ஆன்ட்டி எவ்வளவு பாடுபடுறாங்க. நீ அரை மணி நேரத்துல கை வலிக்குதுங்குற"ன்னா. எனக்குப் பெருமையா இருந்தது.

ஒரே ஒரு குறை. அவ என்கூட வாசிக்கிறது இல்லை. செல்லோ அது பாட்டுக்குப் பெட்டியில இருக்கும். "நீ வேகத்துக்கு வந்துடுக்கா, அன்னைக்கு எடுக்குறேன்"பா. வீட்ல அவ வாசிச்சே ஒரு வருஷம் ஆகப் போகுது. பிள்ளைங்களுக்குக்கூட வாயாலதான் சொல்லுவா. எடுத்து வாசிச்சுக் காட்ட மாட்டா. கிளாஸுன்னு வெளிய போறப்ப தூக்கிட்டுப் போவா, அவ்வளவுதான். எனக்கு அந்தச் சத்தம் காதுலயே இருக்கு. சமையக்கட்டுல நிக்கிறப்ப உள்ள வாசிக்கிற மாதிரியே இருக்கும். வந்து பாத்தா பெட்டி மூடியிருக்கும்.

என்ன சொன்னீங்க?

எங்க கேட்டீங்க? உங்க ஆஸ்பத்திரி ஆண்டு விழாவுலயா? போன மாசமா?

யாரா இருக்கும். செல்லோ வாசிக்கிறவங்க ஊர்ல நிறைய பேர் இருக்காங்க. நரைச்ச முடி, கழுத்துல ஒரு சின்னச் சிலுவையா. சரி. கெத்சியாள்னே பேரு சொன்னாங்களா. சரிம்மா. இருக்கும். கிளாஸ் பிள்ளைங்களுக்காக வாசிச்சிருப்பா.

பியானோ யாரு வாசிச்சது?

சின்னப் பொண்ணா.

நல்லா இருந்துச்சா?

இல்லை, சும்மா கேட்டேன். கடைசியில வேகமா ஒண்ணு வாசிச்சாங்களா? முடிச்சுட்டு ரெண்டு பேரும் சிரிச்சாங்களா?

ஒண்ணுமில்லம்மா. நீங்க தேய்ங்க. கண்ணுக்குச் சொட்டு மருந்து போடுற நேரம், அதான் தண்ணி வருது.

அது ஒத்திகையா இருக்கும். எனக்காகத்தான். பெரிய கச்சேரிக்கு முன்னாடி சின்னச் சின்ன இடத்துல வாசிச்சுப் பாப்பாங்க, எல்லாரும் செய்யறதுதான். நான் இன்னும் வேகத்துக்கு வரலைல்ல. அது வரைக்கும் யாராவது ஒருத்தர் வாசிக்கணும்ல. நான் வந்துட்டேன்னா அந்தப் பொண்ணு எதுக்கு? கெத்சி வாக்கு மாற மாட்டா. நீயும் நானும் மட்டும்தான்னு சொன்னா, பியானோ பக்கத்துல உக்காந்துக்கிட்டுச் சொன்னா.

தமயந்தி, உங்களை ஒண்ணு கேக்கணும். அந்த டாக்டரம்மாகிட்ட போய், இவங்க இனிமே வாசிக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நீங்க சொல்லுவீங்க, உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது. சொன்னா அவங்க கெத்சிகிட்ட சொல்லுவாங்க. அப்புறம் அவ பியானோவை மூடிடுவா. காலையில அந்த நாற்காலியில வந்து உக்கார மாட்டா. என் பக்கத்துல அவ உக்கார்றது அப்ப மட்டும்தான். மத்த நேரத்துல பேச மாட்டாம்மா. சாப்பிடுன்னுவா, மாத்திரை போடுன்னுவா, வேற ஒரு வார்த்தை கிடையாது. விரல் நிரந்தரமா மடங்கிப் போகும்ங்கறீங்க. போகட்டுமே. அதுக்குள்ள ஒரு தடவை அந்த வேகம் வந்துடும்.

கேட் சத்தம். அவதான்.

வா கெத்சி. இவங்க தமயந்தி, ஆஸ்பத்திரியிலயிருந்து. டாக்டரம்மா அனுப்பினது, நான் கூப்பிடலை. சும்மா கையைப் பாத்துக்கிட்டிருக்காங்க. கிளம்பப் போறாங்க.

நீங்க பேசாம இருங்களேம்மா. ஏன் அதையெல்லாம் அவகிட்ட சொல்றீங்க? நான் உங்ககிட்ட அவ்வளவு சொல்லியும்.

பாத்தீங்களா, என்ன கேக்குறா பாருங்க. "அவங்க சொல்றது சரிதானேக்கா, நிறுத்திடலாமா? நான் உன்னைக் கட்டாயப்படுத்தலையே"ங்கறா. எவ்வளவு இதமாக் கேக்குறா. யாராவது இவளைக் குத்தம் சொல்ல முடியுமா?

வேண்டாம் கெத்சி. நிறுத்த வேண்டாம். நான் வாசிக்கிறேன்.

கையை விடுங்கம்மா. நல்லா சூடாத்தான் இருக்கு, இப்ப போனா வரும். விடுங்க. அவ அந்த நாற்காலியில வந்து உக்காந்துட்டா.